தாம்பரத்திலிருந்து பிரெஞ்சு இலக்கியத்துக்கு

கேள்வி: பிரெஞ்சு நூல்களை அயல்நாடுகளில் விழா எடுத்துக் கொண்டாடுகிறார்களே, தாம்பரத்தில் வசிக்கும் எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

பதில்: 2023-ஆம் ஆண்டு புதுதில்லி உலகப் புத்தகக் கண்காட்சியில் பிரான்ஸ் கௌரவ விருந்தினராக வீற்றிருந்தபோது, நோபெல் பரிசு பெற்ற ஆனி எர்னோ அம்மையாரே நேரில் வந்து கலந்துகொண்டார் என்பதையும், 2022-இல் பாரிஸ் புத்தக விழாவில் பாரதம் அதே ஆசனத்தை அலங்கரித்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், இது ஒருதலைக் காதலன்று, சம்பந்தி உறவே என்பது விளங்கும். எனினும் விழாவின் ஆரவாரம் சில தினங்களில் அடங்கிவிடும், நிலைப்பது மொழிபெயர்ப்பே. ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ 1980-இலும், செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ 1981-இலும் க்ரியா வெளியீடுகளாகத் தமிழுக்கு வந்தமைக்குக் காரணகர்த்தர், ஆங்கிலத்தின் தயவை நாடாமல் பிரெஞ்சு மூலத்திலிருந்தே பெயர்த்தளித்த வெ. ஸ்ரீராம் அவர்கள் (இளவரசனுக்கு மதனகல்யாணி அம்மையாரும் துணை). அந்தத் தவத்துக்கு ஈடாக எந்த விழா மேடையையும் நான் சொல்லமாட்டேன்.

நீங்களும் அந்த மொழியைக் கற்க விரும்பினால், நுங்கம்பாக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸுக்குத் தாம்பரத்து மின்ரயிலில் இடையே மாறாமலே போகலாம். ‘குட்டி இளவரசன்’ கையில் இருக்கட்டும். வாசிப்பில் ஆழ்ந்து கடற்கரை நிலையம் வரை போய்விட்டால், அந்தப் பெருமை முழுதும் புத்தகத்தையே சேரும்.