ஏழரைச் சனியும் எட்டு மடிப்புச் சீட்டும்

கே: பாரிஸிலிருந்து மகன் கொலஸ்ட்ரால் மாத்திரை கொண்டுவந்தான். டப்பாவுக்குள் எட்டாக மடித்த சீட்டு. எதிர்வீட்டுச் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) தாத்தாவைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அன்று ராத்திரியே தொடை வலி. குற்றவாளி மாத்திரையா, தாத்தாவா?
(திருமலைராயன்பட்டினம்)

ப: எனக்கு ‘ஃப்ரேகான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மேல்தான் சந்தேகம். தசைவலி அந்தத் தலைப்பின் கீழ் அச்சாகியிருக்கும். தாத்தா ‘அடிக்கடி வரும்’ என்றிருப்பார். நீங்களும் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே படுத்திருப்பீர்கள். மருந்துச் சீட்டில் அதற்கு அர்த்தம் வேறு: மிஞ்சிப்போனால் பத்துப் பேரில் ஒருவருக்கு.

எதிர்பார்ப்பே வலியைக் கொண்டுவருமா என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவிளைவு தாங்கவில்லை என்று ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிட்ட 60 பேர். மாதம் ஒரு புட்டியாக வருஷத்துக்குப் பன்னிரண்டு: நாலில் அசல், நாலில் டம்மி, நாலு காலி. அசலா டம்மியா என்று விழுங்குகிறவருக்குத் தெரியாது. பட்ட அவஸ்தைக்குத் தினமும் செல்போனில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். காலி மாதங்களில் சராசரி 8. அசலுக்கு 16.3. டம்மிக்கு? 15.4! வலி பொய்யில்லை, வலிக்கத்தான் செய்தது. பெரும்பகுதி மருந்தால் வந்ததில்லை, அவ்வளவுதான். விவரம் தெரிந்ததும் பாதிப் பேர் பழைய மாத்திரைக்கே திரும்பினார்கள். (வலி கடுமையானாலோ சிறுநீர் கறுத்தாலோ தாத்தாவிடம் போகாதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.)

கே: கெடுதல் வரும் என்று எதிர்பார்ப்பதாலேயே அது வருவதை ‘நோசீபோ’ என்கிறார்களாமே, தமிழில் என்ன?
(திருநள்ளாறு)

ப: இந்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்குக் கோயில் வாசலில் பலன் புத்தகம் வாங்கினீர்களே, மீன ராசிக்கு என்ன போட்டிருந்தது? ‘ஏழரை ஆரம்பம், உடல்நலத்தில் கவனம்.’ முந்தின வாரம் வாசற்படியில் இடித்த கால்விரல் வெறும் கால்விரல். மறுவாரம் இடித்தது சனி! நளதீர்த்தத்தில் முங்கி எழுந்ததும் பலருக்கு உடம்பு லேசாகிவிடுகிறதே, அதற்கு மறுபக்கம்தான் இது.

கே: எங்கள் மெடிக்கலில் கத்தரியால் நாலு மாத்திரை வெட்டித் தருகிறார்கள். சீட்டே கிடையாது. நாங்கள் தப்பித்தோமா?
(கோட்டுச்சேரி)

ப: சீட்டு இல்லாவிட்டால் என்ன, வாட்ஸ்அப் இருக்கிறதே. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தொடங்கியபோது, ஊசிக்கு முன்னே வதந்தி ஊருக்குள் வந்துவிட்டது. அப்புறம், கத்தரி விழும்போது காலாவதி தேதி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரர் பக்கம்தான்.

கே: அப்படியானால் டாக்டர்கள் எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லதா?
(நெடுங்காடு)

ப: மறைத்தால் அது ஏமாற்று. சொல்லும் விதத்தில்தான் விஷயம். முதுகில் மயக்க ஊசி போடவிருந்த 140 கர்ப்பிணிகளிடம் பாஸ்டன் மருத்துவர்கள் பரீட்சித்து 2010-இல் எழுதினார்கள். மரத்துப்போகும் மருந்தைப் போடும் நேரத்தில் பாதிப் பேரிடம் ‘பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும்’ என்றார்கள். மற்றவர்களிடம் ‘மரத்துப்போகும், சௌகரியமாக இருக்கும்’. ஊசி ஒன்றுதான். தேனீயைக் கேட்டவர்கள் வலிக்குப் போட்ட மார்க் 5, மற்றவர்கள் 3. நம் ஊர் நர்ஸம்மாக்களின் ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான்’ என்ற வசனத்திலும் ஓர் எறும்பு இருக்கிறது, கவனியுங்கள்.

கே: நீங்கள் சீட்டைப் படிப்பீர்களா?
(நிரவி)

ப: போன மாதம் வீட்டம்மாவுக்கு வந்த மாத்திரையின் சீட்டை முழுக்கப் படித்தேன். அவள் நன்றாக இருக்கிறாள். எனக்கு இரண்டு நாள் தலைசுற்றல்.