துணை, உதவி, இணை: அலுவலக முன்னொட்டுகள் குறித்தோர் ஆராய்ச்சி

விகுதிக்குக் கொடுத்த மரியாதையைத் தமிழ் இலக்கணிகள் முன்னொட்டுக்குக் கொடுத்தாரில்லை. பகுதி முன்னே நிற்க, இடைநிலையும் சாரியையும் விகுதியும் அதன் பின்னே அணிவகுத்து வரும் மொழி நம்முடையது; சொல்லின் தலைமாட்டில் ஒன்றை ஒட்டி அதன் பொருளையே திருப்பிவிடும் வித்தையை வடமொழியாளர் உபசர்க்கம் எனப் பெயரிட்டு, 22 என்று எண்ணியும் வைத்தனர். ஆகவே வைஸ், டெபுடி, அசிஸ்டண்ட், ஆக்டிங், கோ, ஓவர் என்னும் பரிவாரங்களோடு ஆங்கில உத்தியோகமானது கிள்ளான் ஆற்றங்கரையில் வந்திறங்கியபொழுது, நம்மவர் கையில் அதனை எதிர்கொள்ளத் தக்க ஆயுதம் எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை. டெபுடியும் அசிஸ்டண்டும் முழுச்சொற்களேயன்றி முன்னொட்டுகள் ஆகா என்று ஆங்கிலப் புலவர் ஆட்சேபிக்கக்கூடும். உண்மைதான், எனினும் முன்னொட்டின் நாற்காலியில் அமர்ந்து அதன் கடமையை அவை ஆற்றி வருவதால், இக்கட்டுரை முடியும்வரை அவற்றைத் தற்காலிக முன்னொட்டுகளாக நியமிக்கிறேன். இதற்காக ஊதிய உயர்வு கோர இடமில்லை.

தோட்டப்புறத்தில் இச்சிக்கல் எழவே இல்லை என்பதை முதற்கண் குறிப்பிட வேண்டும். பெரிய துரை, சின்ன துரை. பெரிய கிராணி, சின்ன கிராணி. பெரிய கங்காணி, சின்ன கங்காணி என்று இரண்டே அடைமொழிகளால் ஒரு ரப்பர் சாம்ராஜ்யம் முழுவதும் நிர்வகிக்கப்பட்டது. இந்தச் சிக்கனத்தை வியக்குமுன், அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். எதிரே வருபவர் பெரியவரோ சின்னவரோ, வெள்ளைக்காரரோ ஆசிய உத்தியோகஸ்தரோ, அவரைக் கண்டமாத்திரத்தில் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து இவ்வழக்கத்தை ஒழிப்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. சைக்கிளை மிதிக்கிறவனுக்கு முன்னொட்டு வேறுபாடு தென்படாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்கு அகப்படவில்லை.

நகரத்தின் கதை வேறு. இங்கே தலையாய புதிர் வைஸ் என்பது. லத்தீனில் அதற்கு ‘இன்னாருக்குப் பதிலாக’ என்று பொருள். மலாய் மொழி இதற்கு அரபியிலிருந்து ‘நாயிப்’ என்ற சொல்லைத் தருவித்துக்கொண்டது. அந்த நாயிப் என்னும் சொல்லின் பன்மையே திரிந்து, பிற்பாடு இந்தியாவில் நவாப் ஆயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதாவது, ஆற்காட்டு நவாபு பட்டத்தின் வேர்வழியே பார்த்தால் ஒரு வைஸ்தான். ஒருவரே ஆயினும் மரியாதை கருதிப் பன்மையில் விளிக்கப்பட்டவர். ஜாலான் துன் சம்பந்தனிலுள்ள ஏதேனும் ஒரு சங்கத்தில் தமக்கு உதவித்தலைவர் பதவிதானே கிடைத்தது என்று மனம் வெதும்புகிறவர், தாம் ஒரு நவாபின் ஒருமை என்று கருதி ஆறுதல் கொள்வாராக.

உதவித்தலைவர் என்றேன், ஏன் துணைத்தலைவர் என்று சொல்லவில்லை? இவ்விடத்தில் வாசகர் சற்று நிதானிக்க வேண்டும். 1946-இல் தோன்றிய மலேசிய இந்தியர் காங்கிரஸின் வழக்குப்படி, டெபுடி பிரசிடெண்ட் துணைத்தலைவர், அவர் ஒருவரே. வைஸ் பிரசிடெண்ட் உதவித்தலைவர், அவர் பலர். ஆலய நிர்வாகக் குழு முதல் கால்பந்துக் கழகம்வரை இந்நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் பலவும் இம்மரபையே பின்பற்றி வருகின்றன. ஆனால் அதே வைஸ், பங்சாரைக் கடந்து மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அடியெடுத்து வைத்தவுடன் உதவி என்ற வேடத்தைக் களைந்து துணை ஆகிவிடுகிறது. அங்கே அவர் துணைவேந்தர். (பேராக் சுல்தானே அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராதலால், தமிழில் வேந்தர் என்ற சொல் உவமையாக அன்றி உள்ளபடியே பொருந்தும் இடங்களில் அதுவும் ஒன்று.) அவருக்குக் கீழே டெபுடி வைஸ் சான்சலர்கள் சிலர் இருக்கின்றனர். மேற்கூறிய விதிகளை வழுவாது கடைப்பிடிப்பவர் அவர்களைத் துணைத் துணைவேந்தர் என்றே எழுதியாக வேண்டும். கோலாலம்பூர் வங்கிகளில் மலிந்து கிடக்கும் அசிஸ்டண்ட் வைஸ் பிரசிடெண்டோ, சங்க மரபுப்படி உதவி உதவித்தலைவர் ஆகிறார். திக்குவாய் என்று அச்சுக்கோப்பவர் ஐயுற்று ஓர் உதவியை நீக்கிவிட்டால், அம்மனிதருக்கு ஒரே நொடியில் பதவி உயர்வு கிடைத்துவிடும். பிழைதிருத்துவோரின் அதிகார வரம்பு இத்துணைப் பெரிதென்பதை எந்த நிர்வாக நூலும் சொல்லவில்லை.

இத்தகைய அடுக்கு நமக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. புத்ராஜெயாவின் அரசாங்க ஏடுகளில் ‘கெத்துவா பெனோலோங் பெங்காரா கானான்’ என்றொரு பதவி உண்டு. கெத்துவா என்பது தலைமை. பெனோலோங் என்பது உதவி. பெங்காரா என்பது இயக்குநர். கானான் என்பது முதுநிலை, அச்சொல்லுக்கே வலப்பக்கம் என்றும் பொருள். உதவி செய்வோருக்கெல்லாம் தலைவராய், அவருள்ளும் மூத்தவராய், ஆயினும் இயக்குநர் ஆகாதவராய் விளங்கும் அப்பெருந்தகையின் நிலையை இத்தனை நுட்பமாகக் காட்டும் வேறொரு சொற்றொடரை நான் கண்டதில்லை. ஆக்டிங் என்பதற்கு மலாய் வழங்கும் ‘பெமாங்கு’ அதனினும் அழகியது. பாங்கு எனில் மடி. பதவியை மடியில் வைத்துக்கொண்டிருப்பவரே பெமாங்கு. குழந்தையின் தாய் திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. தமிழில் நாம் ‘தற்காலிக’ என்று எழுதி அவரைப் பந்தற்கால் ஆக்கிவிட்டோம்.

இனி, கோ. சக ஊழியரைக் குறிக்கும் கோ-ஒர்க்கர் என்னும் சொல்லின் நடுவே கோடு இடாவிடில், கண்ணானது முதல் மூன்றெழுத்தைச் சேர்த்துப் படித்து அங்கே ஒரு பசுவைக் கண்டுவிடும் என்று ஆங்கிலேயர் அஞ்சுவர். நமக்கு அந்த அச்சம் வீண். கோடு இட்டாலும் இடாவிட்டாலும் தமிழில் கோ பசுதான். போதாக்குறைக்கு அரசனும் அவனே. ஆகவே, மேற்பார்வையாளர் ஒருவரைக் கோ-ஆர்டினேட்டர் என்று நியமிக்கும் நிர்வாகம், அவர் இவ்விரண்டுள் எந்தக் கோவாக நடத்தப்படுவார் என்பதை நியமனக் கடிதத்திலேயே தெளிவுபடுத்துதல் நன்று. ஷா ஆலம் தொழிற்சாலைகளில் நிலவும் நடைமுறையை நோக்கின், முதற்பொருளே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

எழுத்தில் இத்தனை ஆரவாரம் செய்யும் இம்முன்னொட்டுகள் யாவும் விளிவேற்றுமையில் ஒருங்கே மாய்ந்துபோகின்றன. உதவித்தலைவரை ‘உதவித்தலைவரே’ என்று எவரும் அழைப்பதில்லை. ‘தலைவரே’ என்றுதான் அழைப்பர். அவரும் மறுப்பதில்லை.

எஞ்சியிருப்பது ஓவர்டைம் என்பதிலுள்ள ஓவர் ஒன்றே. முன்னொட்டுகளுள் தனக்கென ஒரு விலையைச் சட்டத்தின் வாயிலாகவே பெற்றிருப்பது இதுதான். வேலைச் சட்டம், 1955-இன்படி, சாதாரண நாளில் வேலைநேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்குக் கூலி தரவேண்டும்; வாரத்தின் மணிக்கணக்கு 48-லிருந்து 45-ஆக 2023-இல் குறைக்கப்பட்டபின், இம்முன்னொட்டு முன்னிலும் விரைவாகப் பிறக்கிறது. தொழிலாளர் இதனை ‘ஓடி’ என்று சுருக்கி வழங்குவர். ஆனால் அலுவலக நாற்காலியில் அமர்ந்து மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு இதை வழங்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நிர்வாகங்கள் அசிஸ்டண்ட் முதலான முன்னொட்டுகளை இத்தனை தாராளமாக வாரி வழங்குவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு: அந்த வரம்பை ஒட்டி நிற்கும் குமாஸ்தாவுக்கு ஓர் அசிஸ்டண்டைச் சூட்டிச் சம்பளத்தைச் சில நூறு ரிங்கிட் உயர்த்தினால், அவருடைய ஓவர் உதிர்ந்துவிடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பதவி உயர்வுக் கடிதத்தை வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்து, இனிப்புப் பெட்டியைத் திறக்குமுன் கணக்குப் பொறியைத் திறப்பதன் காரணமும் அதுவே.