மொட்டைத் தலையும் முழங்காலும்

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் நம் விளையாட்டு நிர்வாகிகளை மிஞ்ச ஆளில்லை. தாவி இறங்கிய பெண்ணுக்கு மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டதா? "நேரம் சரியில்லைங்க." "கண்ணு பட்டிருக்கும்." "பொம்பளப் புள்ளைங்க உடம்பே அப்படித்தான்." முழங்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள முடிச்சு மட்டும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பரம ரகசியமா அது? இடுப்புத் தசையிலும் பின்தொடையிலும் வலுவில்லாமல், முட்டியை மடக்காமல் விறைப்பாகத் தரையிறங்கினால் முட்டி உள்பக்கம் சரியும். கால் ஊன்றிய 100 மில்லிசெகண்டுக்குள் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு அறுந்துவிடக்கூடும். பெரும்பாலும் யாரும் வந்து மோதியிருக்கவே மாட்டார்கள்.

இதைத் தடுக்க ஃபிஃபா '11 பிளஸ்' என்று 20 நிமிடப் பயிற்சி ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. குதித்து இறங்கும் விதம், ஒற்றைக்கால் சமநிலை, பின்தொடை வலு, அவ்வளவுதான். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள்: மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. தேவைப்படுவது பந்தும் சில கூம்புகளும். இங்கேதான் சிக்கல். டெண்டர் விட முடியாது. கமிஷன் கிடையாது. கல்வெட்டில் பெயர் பொறிக்க இடுப்புத் தசையில் இடமில்லை. அப்புறம் எந்தப் புண்ணியவான் கொண்டுவருவான்?

நம் வார்ம்-அப் வேறு. "கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்க." அதுவும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காத நாளில். ஒலிம்பிக் தங்கத்துக்குத் தமிழக அரசு அறிவித்த பரிசு 3 கோடி ரூபாய். பதக்க மேடைக்குப் போகும் வழியில் முட்டி போனவளுக்கு ஒரு ஸ்பிரே, வாளியில் ஐஸ், மிஞ்சினால் புத்தூர் கட்டு.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்திக்கு ஜவ்வுக் கிழிசலுக்காக அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு போட்ட இறுக்கமான கட்டில் ரத்த ஓட்டம் நின்றது. காலை எடுத்தார்கள். உயிரும் போனது. அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன: இரண்டு மருத்துவர்கள் சஸ்பெண்ட், 10 லட்சம் ரூபாய், சகோதரனுக்கு வேலை, குடும்பத்துக்கு வீடு. பிள்ளை செத்தால் ஓடிவருகிற கோப்புகளுக்கு எந்த வார்ம்-அப்பும் வேண்டியதில்லை பாருங்கள்!

அடுத்த மாவட்டப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். பத்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, இளைய பாரதத்தைப் பற்றி ஒரு முழக்கம். பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "டைம் இல்ல, நேரா மேட்ச்ச ஆரம்பிங்க!" என்பார்கள் நிர்வாகிகள். விசில் ஊதும்.