'ஆல்' இல்லை, ஆளும் இல்லை

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. தோட்டத்து லயக் கூரைத் தகரம் ஓட்டை என்று மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதிப்போட்டதற்குப் பதில்: 'தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என இத்தால் அறியத்தரப்படுகின்றது.' வினை நாலு. செய்பவர் ஒருவருமில்லை. கையெழுத்துகூட ஒரு புழுக்கோடு.

குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஹட்டன் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் ஓ.எல். பிள்ளைகளுக்குப் 'பாசிவ் வொய்ஸ்' படித்துக் கொடுத்தவன் நான். செயப்படுபொருளை முன்னுக்குக் கொண்டுவா, காலத்துக்கேற்ற 'பி' வினையைப் போடு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர், செய்தவரைப் 'பை' போட்டு வாலில் கட்டு. செய்தவர் முக்கியமில்லை என்றால் வாலை வெட்டிவிடு. கடிதம் எழுதியவர் என் மாணவராகவே இருக்கலாம். இந்த விதிக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் இந்தச் செயப்பாட்டு வியாதி கிடையாது. அங்கே வா, போ, பறிதான். வெள்ளைக்காரச் சின்னத்துரைமாருக்காக அந்தக் காலத்தில் அச்சான தமிழ்க் கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா'. கொழுந்து நிறை குறைந்தால்தான் இலக்கணம் மாறும்: 'அரைப்பேர் போடப்பட்டது.' அதாவது அரைநாள் கூலிதான். யார் போட்டது? கணக்கப்பிள்ளையைக் கேட்டால் ஆபீஸ் என்பார். ஆபீஸைக் கேட்டால் கம்பனி, கம்பனியைக் கேட்டால் கொழும்பு, கொழும்பைக் கேட்டால் உலகச் சந்தை. உலகச் சந்தையைக் கேட்க எந்த பஸ்ஸில் ஏறுவது?

1948இல் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டோம். மிச்சம் 150,000 பேர் 'பின்னர் தீர்மானிக்கப்படும்' என்று ஓரமாக வைக்கப்பட்டு, 1974இல் பாதிப் பாதியாக்கப்பட்டார்கள். தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன, 1992இல் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நாட்சம்பளம் 1,000 ரூபாய் தரப்படும், தரப்படும் என்று கேட்டே காது புளித்து, 2021இல்தான் வர்த்தமானியில் கண்டோம். 2024இல் 1,700 என்று வர்த்தமானியே போடப்பட்டது. அதே வருடம் அது 1,350 ஆகிவிட்டது. தானாக ஆகிவிட்டது, பால் தயிரான மாதிரி.

இங்கிலீஷ்காரனுக்குப் 'பி'. நமக்குப் 'படு'. கஷ்டப்படு, கவலைப்படு, பாடுபடு. மலையில் யாருக்கும் இதைத் தனியாகப் படித்துக் கொடுக்கத் தேவையில்லை.

'பை'க்கு நம்மிடம் உள்ள 'ஆல்' உருபை ஒரேயொரு இடத்தில் கண்டேன். ஏற்றுமதித் தேயிலைப் பெட்டியில்: 'கையால் பறிக்கப்பட்டது.' அப்பாடா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், மூன்றாம் வேற்றுமைதான், ஆனால் கருவிப் பொருளில். கருத்தா இல்லை. கை மட்டும் தனியாக மலையேறிப் பறித்துவிட்டு வந்திருக்கிறது, அட்டைகூடக் கடிக்காமல்.

ஆங், அந்த விதிவிலக்கு. செயப்படுபொருள் இல்லாத வினை இருக்கிறதே, அதை...

மழை இறங்கிவிட்டது. கூரை ஒழுகுகிறது. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்:

"இலக்கணத்த அப்புறம் பாருங்க. மொதல்ல வாளிய எடுத்து வைங்க!"