உள்வாடகைக்கு வந்தவர்

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்ததே என்று, லினக்ஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் வைத்திருக்கும் விண்டோஸை 11-க்கு ஏற்றப் பார்த்தேன். ‘டிபிஎம் 2.0 இல்லை’ என்கிறது. லேப்டாப்பில் அந்தச் சிப் இருக்கிறதே?
– ஒரு வாசகர், ஆலங்காயம்

பதில்: வீட்டுக்காரரிடம் இருந்தால் போதுமா? உள்ளே குடியிருப்பவர் கண்ணில் பட வேண்டாமா! உங்கள் ஊர்ப் பக்கத்துக் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொடுத்தாலும் அவருக்கு அது தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் மென்பொருளாலேயே ஒரு டிபிஎம் செய்து தருகிறார்கள். ‘சிஸ்டம்’ பக்கத்தில் 2.0-வைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கேயே ஈஎஃப்ஐ, செக்யூர் பூட் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கை பரபரக்கும், டிக் அடித்துவிடாதீர்கள். பழைய பயோஸ் முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால், ஈஎஃப்ஐ போட்டதும் எழுந்திருக்கவே மாட்டார். (ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் அடியேனுக்கு உண்டு.) முதலில் முழுசாக ஒரு குளோன். அடுத்து, விண்டோஸுக்குள் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை ஓட்டி வட்டை மாற்றி, அணைத்துவிட்டு, அப்புறம் டிக்.

வட்டு 50 ஜிபிதான் என்றால் 64-க்கு மேல் நீட்டிவிடுங்கள். வாடகை தராவிட்டாலும் இவர் பெரிய வீடுதான் கேட்பார்.