போலி இலக்கணம்: கிளீவ்லாந்து பிரவுன்ஸ் மாக் டிராஃப்டுக்கு ஓர் உரை

எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பது போலி. மஞ்சு மைஞ்சு ஆனாலும் மேகம் மேகம்தான்; பந்தல் பந்தர் ஆனாலும் நிழல் குறைவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வருடாவருடம் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவன் நான். இதற்கான ஆகப் பெரிய எடுத்துக்காட்டு ஈரி ஏரிக்கரையில், ஒரு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

2025 மார்ச்சில் கிளீவ்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். தியாகராஜ ஆராதனைக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு வந்தேன். 1978 முதல் ஈஸ்டரை ஒட்டி இங்கே நடக்கும் விழா அது. வெளியூர்க்காரர்கள் விமானம் பிடித்து வருகிறார்கள். நான் கச்சேரிக்குப் போன நாட்களை எண்ண ஒரு கை போதும். மீதி நாட்கள் எதிர்வீட்டுச் சமையலறையில் கழிந்தன. வந்த மறுநாளே எதிர்வீட்டுக்காரர், ஆரஞ்சு நிறத் தொப்பி, அறுபத்தைந்து வயது இருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளையிடம் டிராஃப்ட், டிராஃப்ட் என்று அரை மணி நேரம் பேசினார். "எந்த பேங்க்ல எடுக்கணுமாம்?" என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, அது அந்த டிராஃப்ட் இல்லப்பா" என்றாள். இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி அது.

ஆய்வெல்லையை வரையறுத்துவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு, பந்தும் உருண்டை இல்லை. இது இடுகுறிப்பெயரா காரணப்பெயரா என்பதைத் தனிக் கட்டுரைக்கு ஒத்திவைக்கிறேன். தொழில்முறை அணிகள் 32. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள், ஏழு சுற்று. அதற்குப் பெயர்தான் டிராஃப்ட். போன வருடம் ஆக மோசமாகத் தோற்றவன் முதலில் எடுக்கலாம், கோப்பை வாங்கியவன் சுற்றின் கடைசியில். தோற்றவனுக்கு முதல் மரியாதை தரும் இந்த யோசனையை 1935-இல் சொன்னவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். அவருடைய அணி அப்போது தோற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாக் டிராஃப்ட் என்பது, எந்த அணி யாரை எடுக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல். மாக் என்ற சொல்லை நான் 'போலி' என்று பெயர்த்தபோது மாப்பிள்ளை சிரித்தார். இலக்கணம் படிக்காதவர்.

மூலச்சுவடிக்கு வருகிறேன். எதிர்வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில், பீட்சா கடைக் காந்தம் ஒன்றால் நிறுத்தப்பட்ட ஒற்றைத் தாள். மேல் வலது மூலையில் காபிக் கோப்பையின் வட்டக் கறை. கிளீவ்லாந்து அணியான பிரவுன்ஸுக்குக் கிடைத்த இரண்டாம் தேர்வைக் குறிக்க '2' என்று தலைப்பிட்டு, அதற்கெதிரே மூன்று பெயர்கள். முதல் இரண்டும் அடிக்கப்பட்டவை. பிப்ரவரி அடுக்கு நீலப் பேனா: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ். மார்ச் அடுக்கு பென்சில்: பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அப்துல் கார்ட்டர். ஏப்ரல் அடுக்கு கறுப்பு மார்க்கர்: தாக்குதலிலும் தடுப்பிலும் இரண்டு பக்கமும் ஆடிய டிராவிஸ் ஹண்டர். மார்க்கரில் எழுதியவர் இனி மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தவர் என்பது சுவடியியல் துணிபு. கீழ் விளிம்பில் வேறொரு கையெழுத்தில் 'பால், முட்டை' என்றிருக்கிறது. அது இடைச்செருகல், அவர் மனைவியுடையது. அந்தத் தாளில் அப்படியே பலித்தது அது ஒன்றுதான்.

ஒரு கிளீவ்லாந்துக்காரர் இப்படி மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. 2016-இல் பிரவுன்ஸ் 16 ஆட்டத்தில் ஒன்று வென்றது. 2017-இல் 16-இல் ஒன்றுகூட இல்லை. மற்ற ஊர்களில் ரசிகன் செப்டம்பருக்காகக் காத்திருப்பான். இங்கே ஏப்ரல்தான் விசேஷம்: ஏப்ரலில் யாரும் தோற்பதில்லை. 2022-இல் குவாட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஹூஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு, வாட்சனுக்கு 23 கோடி டாலர் உத்தரவாதமும் தந்தார்கள். அந்த 23 கோடியை எதிர்வீட்டுக்காரர் மன்னித்துவிட்டார். மூன்று ஏப்ரல்களில் முதல் நாள் இரவு எழுத ஒன்றுமில்லாமல் போனதை மன்னிக்கவில்லை.

இனிப் போலியின் வகைகள். முதற்போலி என்பது முதல் சுற்றில் வருவது. பிரவுன்ஸ் வரலாற்றில் 22 என்ற எண்ணை ஆராய்க. 2007-இல் 22-ஆம் தேர்வு, குவாட்டர்பேக் பிராடி குவின். 2012-இல் 22-ஆம் தேர்வு, குவாட்டர்பேக் பிராண்டன் வீடன். அதற்குமுன் பேஸ்பாலில் பந்து வீசிக்கொண்டிருந்தவர், தேர்வாகும்போது வயது 28. 2014-இல் 22-ஆம் தேர்வு, குவாட்டர்பேக் ஜானி மான்செல். இரண்டு பருவத்தில் அனுப்பிவிட்டார்கள். பெயர் மாறியது, எண் மாறவில்லை, விளைவும் மாறவில்லை. இலக்கண ஆசிரியனுக்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைக்காது.

இந்த மூன்றாமவரின் தேர்வில் நம் பழைய மரபு ஒன்று எட்டிப்பார்க்கிறது. பிரவுன்ஸ் உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லம் ஓர் இரவு கிளீவ்லாந்தில் சாப்பிடப் போனாராம். தெருவோரம் இருந்த வீடற்ற மனிதர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, மான்செலை எடு என்றாராம். ஹாஸ்லமே பின்னர் தொலைக்காட்சிக்காரரிடம் சொன்ன செய்தி இது. சங்க காலத்தில் இதற்கு விரிச்சி என்று பெயர். போருக்குப் போனவன் வருவானா என்று தெரியாதபோது முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் முல்லையும் தூவி, தற்செயலாகக் காதில் விழும் அயலார் பேச்சை நற்சொல்லாகக் கொள்வார்கள். ஹாஸ்லம் நெல் தூவவில்லை. பிழை அங்கேதான் நேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக்கருத்து உடையோர் மான்செலின் ஆட்டத்தைக் காரணம் காட்டுவர்.

சகுனம் மட்டும் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது, அளந்தும் பார்க்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் இந்தியனாபொலிஸில் கம்பைன் என்றொரு சபை. அங்கே 40 கஜம் ஓடவிடுகிறார்கள், மேலே எம்பவிடுகிறார்கள், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஒரு பாட்டோடு விடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது கை அளக்கும் சடங்கு. விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். அட, நம் சாண்! சாண் என்பது ஒன்பது அங்குலம். 2020-இல் குவாட்டர்பேக் ஜோ பரோவின் கை மிகச் சரியாக ஒன்பது. சின்னக் கை என்று எல்லோரும் கவலைப்பட, ஓய்வுபெற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே கேலி செய்தார். சின்சினாட்டி அவரை முதல் தேர்வாக எடுத்தது. 2022-இல் குவாட்டர்பேக் கென்னி பிக்கெட்டின் கை எட்டரை அங்குலம், சாணுக்கு அரை அங்குலம் குறைவு. கட்டைவிரல் மூட்டு வழக்கத்துக்கு மாறாக வளையும் என்பதால் அளவு சரியாக வராது என்று விளக்கம் சொன்னார்கள். பிட்ஸ்பர்க் அவரை எடுத்தது. 2025 மார்ச்சில், இருபதாம் தேர்வான அந்தக் கை கைமாறிக் கிளீவ்லாந்துக்கே வந்து சேர்ந்தது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொன்னவர் குவாட்டர்பேக்கைப் பார்த்ததில்லை.

அளவைக் கணக்காக்கும் வேலையில் ஓர் இந்தியருக்குப் பங்கு உண்டு. 1960-களில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி, ஆட்டக்காரர்களைக் கணினியில் தரம்பிரிக்க ஐபிஎம் வட்டாரத்துப் புள்ளியியலாளர் சலாம் குரேஷியை அழைத்தது. அலிகாரில் படித்தவர். அவருக்குத் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் போட்டுக்கொடுத்த கணக்கோடு அந்த அணி பல வருடம் நன்றாக வாழ்ந்தது. இந்த ஆட்டம் தெரியாத இந்தியர் இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்ட மாப்பிள்ளைக்கு இப்பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

இடைப்போலி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாலாம் சுற்றில் யார் வருவார் என்று கணிப்பவருக்கு வீட்டில் வேறு ஏதோ பிரச்சினை இருக்கிறது.

கடைப்போலி சுவையானது. கடைசித் தேர்வுக்கு 'சம்பந்தமில்லாதவர்' என்று பட்டம். 1976-இல் பால் சலாட்டா என்ற முன்னாள் ஆட்டக்காரர் தொடங்கிவைத்த வழக்கம். அழைத்து விருந்து வைத்து, பந்தைத் தவறவிடும் ஆட்டக்காரனின் உருவம் கொண்ட கோப்பையும் கொடுப்பார்கள். 2022-இல் அந்தக் கோப்பைக்குரியவர் 262-ஆம் தேர்வு பிராக் பர்டி. 2024 பிப்ரவரியில் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் சான்பிரான்சிஸ்கோவின் குவாட்டர்பேக்காக இறங்கியவரும் அவர்தான். அவருக்கு முன்னால் தேர்வான 261 பேரையும் எடுத்தவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்கள்.

கட்டுரையின் உயிர்நாடி இதுதான். கணிப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். 1984 முதல் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் இதையே தொழிலாகச் செய்யும் மெல் கைபரை, 1994-இல் இந்தியனாபொலிஸ் அணியின் பொதுமேலாளர் பில் டோபின் நேரலையில் யாரய்யா இவர் என்று கேட்டார். டிரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு டிரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்ததைக் கைபர் திட்டியிருந்தார். காயங்களால் ஆல்பர்ட்ஸ் மூன்றே பருவத்தில் ஓய்ந்தார். டில்ஃபர் பிறகு வேறு அணியில் சூப்பர் பவுல் வென்றார். அதே கைபர் 2010-இல், குவாட்டர்பேக் ஜிம்மி கிளாசன் எட்டு வருடத்தில் தேறாவிட்டால் இத்தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றார். கிளாசன் தேறவில்லை, கைபரும் விடவில்லை. ஆக இரு தரப்புக்கும் ஆளுக்கொரு கேஸ்.

சரி, எடுக்கிறவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? 1936 பிப்ரவரி 8, பிலடெல்பியா ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் நடந்த முதல் டிராஃப்டின் முதல் பெயர் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை; கேட்ட சம்பளத்துக்கு யாரும் ஒத்துவரவில்லை. டிராஃப்டின் வரலாறே பொய்த்துப்போன முதற்போலியில் தொடங்குகிறது. கேட் மேஸியும், பின்னாளில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஓர் அணி எடுத்த ஆட்டக்காரர், அதே இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடு. பூவா தலையா போட்டால் 50. அந்த மிச்சம் இரண்டுக்காகத்தான் ஆள்தேடும் சாரணர்களும் மருத்துவர்களும் கணினிகளும் சாண் அளக்கும் அளவுகோலும். அணிகள் போடுவதும் மாக் டிராஃப்ட்தான், அவர்களுடைய போலிக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு. 2003-இல் மின்னசோட்டா அணி குறித்த நேரத்துக்குள் பெயர் கொடுக்கத் தவறியது. பின்னாலிருந்த இரண்டு அணிகள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டன. பிறகு அவசரமாக மின்னசோட்டா எடுத்த கெவின் வில்லியம்ஸ் பல வருடம் அந்த அணியின் தூணாக நின்றார். யோசிக்காமல் இருப்பதும் ஒரு முறையியல்தான் போலும்.

இல்முன் என்பது முன்றில் என்று இடம் மாறி நின்றால் இலக்கணப்போலி. இதற்கும் 2025 சான்று தந்தது. ஏப்ரல் 24 இரவு, டிராஃப்ட் கிரீன் பேயில். நாங்கள் எதிர்வீட்டு சோபாவில். எதிர்வீட்டம்மா உருளை வறுவல் வைத்தார், என் மகள் கொடுத்தனுப்பிய முறுக்கும் இருந்தது. மார்க்கர் எழுத்து பலிக்கும் வேளை. இரண்டாம் தேர்வு வந்தது. ஹண்டர் பெயரைச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். எழுந்தபிறகுதான் காதில் விழுந்தது: எடுத்தது ஜாக்சன்வில். பிரவுன்ஸ் தன் இரண்டாம் இடத்தைக் கொடுத்து ஐந்தாம் இடத்தை வாங்கிக்கொண்டது, மேலே அடுத்த வருடத்து முதல் சுற்றுத் தேர்வும் உண்டு. ஐந்தில் வந்தவர் மேசன் கிரஹாம். தாளில் அந்தப் பெயர் எந்த அடுக்கிலும் இல்லை. பரம வைரியான மிஷிகன் பல்கலைக்கழகத்து ஆள் வேறு. கிளீவ்லாந்து இருக்கும் ஒஹையோவில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மனிதர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்துகொண்டேன். முறுக்கை மட்டும் நிறுத்தாமல் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினார். கையில் அந்தத் தாள். முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று எத்தனையோ பேர் எழுதிய சாண்டர்ஸ் ஐந்தாம் சுற்று வரை நழுவி, 144-ஆம் தேர்வாகப் பிரவுன்ஸுக்கே வந்திருந்தார். நீலப் பேனா அடுக்கை விரலால் தட்டிக் காட்டினார். பெயர் சரி, அணி சரி, எண்தான் 142 தள்ளிப் போய்விட்டது என்று வாதம். ஐந்து அஞ்சு ஆகும் முற்றுப்போலியில் எல்லா எழுத்தும் மாறினாலும் நாம் தப்புப் போடுவதில்லை. அரை மதிப்பெண் கொடுத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் விடைபெறப் போனபோது குளிர்பெட்டியில் புதுத் தாள். மேலே 2026 என்று இருந்தது. ஜாக்சன்வில் புண்ணியத்தில் முதல் சுற்றுக்கு இரண்டு வரி. எண்ணுக்கு இடம் விட்டிருந்தார். முதல் வரியில் ஏற்கெனவே ஏதோ பெயர். இரண்டாம் வரியைக் காட்டி என்னிடம் பேனாவை நீட்டினார். எனக்குத் தெரிந்த கல்லூரி ஆட்டக்காரர் யாருமில்லை என்று சைகையில் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. கீழே 'பால்' என்று எழுதியிருந்தது. நான் 'முட்டை' என்று சேர்த்துவிட்டு வந்தேன்.