புகைமூட்டத்தில் ஒரு மொய் நோட்டு

காற்று வேண்டும் என்று கேட்டார் பாப் வேர். சும்மா காற்று இல்லை, கனமான காற்று. 1967-ல் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்த கூடத்தில், பாட்டில் அப்படியொரு ஓசை வந்தால் நன்றாக இருக்கும் என்று இருபது வயதுப் பையன் கேட்டதும் தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கருக்குத் தலை சுற்றியது. ரோலிங் ஸ்டோன்ஸுக்கே ஒலிப்பதிவு செய்தவர் அவர். மேளம் வேண்டுமா, ஊதுகுழல் வேண்டுமா, ஏற்பாடு செய்துவிடலாம். கனமான காற்று எந்த மளிகையில் கிடைக்கும்? வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பையன் கிடார் வாசித்த குழுதான் கிரேட்ஃபுல் டெட். 1965-ல் கலிபோர்னியாவில் வேறு பெயரில் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் இன்னொரு குழு இருப்பது தெரிந்ததும் அகராதியைத் திறந்து கண்ணில் பட்டதைச் சூட்டிக்கொண்டார்கள். பொருள்: நன்றியுள்ள பிணம். நாட்டார் கதைகளில் வரும் பிணம் அது. கடனாளியாகச் செத்து அடக்கம் செய்ய நாதியில்லாமல் கிடந்ததை, வழிப்போக்கன் ஒருவன் கடனைக் கட்டிப் புதைப்பான். அது பிற்பாடு வந்து அவனுக்கு உதவி செய்யும். கடனுக்கும் குழுவுக்கும் அப்படியொரு ராசி. டிரம்ஸ் வாசித்த மிக்கி ஹார்ட்டின் அப்பா ஒரு பைபிள் பிரசங்கியார். நிர்வாகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவர், 1970-ல் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு காணாமல் போனார். ஆக, கணக்குக்கும் இவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆண்டவன் இவர்களுக்கு ரசிகர்களைக் கொடுத்தான்.

ரசிகர்கள் என்றால் யார்? வேலை வேண்டாம், ஆபீஸ் வேண்டாம், கழுத்தில் டை வேண்டாம் என்று வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள். சாயம் தோய்த்த சட்டை, சிடுக்கு விழுந்த தலைமுடி, ஊர் ஊராகக் கச்சேரியின் பின்னாலேயே பயணம். உலகத்திலுள்ள எல்லாப் பதிவேடுகளையும் எரித்துவிடலாம் என்று பேசிய இதே கூட்டம்தான், கல்யாண வீட்டில் மொய் எழுதும் பெரியவரையே தோற்கடிக்கும்படி நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கியது. தேதி, ஊர், அரங்கு, முதல் பாதியில் என்ன பாட்டு, இரண்டாம் பாதியில் என்ன பாட்டு, எந்த அடியைக் குழுவின் பாடகரும் கிடார்காரருமான ஜெர்ரி கார்சியா மறந்துபோனார் என்பது வரை.

எழுதாமலும் முடியாது. குழு 30 வருடத்தில் 2,300 கச்சேரிக்கு மேல் செய்தது. இன்றைக்கு என்ன வாசிக்கப்போகிறோம் என்பது மேடையேறும்வரை அவர்களுக்கே தெரியாது. 'டார்க் ஸ்டார்' என்று ஒரு பாட்டு. 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம் கூட இல்லை, விற்கவும் இல்லை. மேடைக்கு வந்ததும் அதற்குச் சதை போட்டது. 1972-ல் ராட்டர்டாமில் வாசித்தபோது ஏறக்குறைய 48 நிமிடம் ஓடியது. தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரு பக்கத்துக்குள் அடங்காத பாட்டை வைத்துக்கொண்டு ஒருவன் நிம்மதியாக வாழ முடியுமா?

நாடாவை முதலில் சுழலவிட்டவர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. கென்டக்கி மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஒருவரின் பேரன். பிரதான தொழில் எல்.எஸ்.டி. காய்ச்சுவது, உபதொழில் குழுவின் ஒலியமைப்பு. காய்கறியைக் கண்டால் ஆகாது. மாமிசம் மட்டுமே சாப்பிடுவார். தன் ஒலியமைப்பில் எங்கே பிசகு என்று பார்த்துக்கொள்வதற்காகத் தினசரி கச்சேரியைப் பதிவு செய்தார். டைரி எழுதுவது போல. ரசிகர்களின் வியாதிக்கு இதுதான் ஆதிக்கிருமி. அதோடு விட்டாரா என்றால் இல்லை. அவருடைய யோசனையிலிருந்து 1974-ல் எழுந்தது ஒலிச்சுவர்: சுமார் 600 ஸ்பீக்கர், 75 டன் எடை. மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் துல்லியமாகக் கேட்டது. அதைத் தூக்கிச் சுமக்கும் கூலி மட்டும் குழுவின் கழுத்தை நெரித்தது. அந்த வருட அக்டோபரோடு ஊர்சுற்றுவதையே நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார்கள்.

இதற்குள் கள்ளப் பதிவு ஒரு கலையாகியிருந்தது. கோட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவி, தொப்பிக்குள் மைக். இவர்களுக்கு டேப்பர் என்று பெயர். 1971-ல் நியூயார்க்கின் புரூக்லினில் லெஸ் கிப்பல் என்ற ரசிகர் நாடா பரிமாற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சங்கத்தின் பெயரிலேயே 'இலவச' என்ற சொல் உண்டு. காசு வாங்கக் கூடாது, அது பாவம். வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், அண்ணன் பதிந்து அனுப்புவார். திருட்டுப் பொருளை விற்பதுதான் குற்றம், திருடுவது தர்மம் என்ற இந்த நீதிநூலை எழுபதுகள் முழுக்க அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

கார்சியா கண்டுகொள்ளவில்லை. வாசித்து முடித்த பிறகு அது எங்களுடையது இல்லை, எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1964-ல் இதே மனிதர் ஒரு நண்பரோடு காரில் டேப் ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு, புளூகிராஸ் கச்சேரிகளைப் பதிவு செய்ய அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தவர். தன் ஜாதிக்காரனைத் தானே எப்படி விரட்டுவது?

தொல்லை வேறு திசையிலிருந்து வந்தது. டேப்பர்களின் மைக் கம்புகள் ஒட்டடைக்கம்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒலிப்பொறியாளர் டான் ஹீலிக்கு மிக்சரிலிருந்து மேடை தெரியவில்லை. தென்னந்தோப்பு வழியாகக் கோயில் கோபுரத்தைத் தேடுவது போலத் தேட வேண்டியிருந்தது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் டேப்பர்களுக்கென்று தனி டிக்கெட், தனி இடம் ஒதுக்கினார்கள், மிக்சருக்குப் பின்னால். கள்ளத்தொழிலுக்குக் கவுண்டரில் டிக்கெட் கொடுத்த முதல் ராக் குழு அநேகமாக இதுதான். டேப்பர்கள் நன்றி சொன்னார்கள் என்று நினைத்தால் நீங்கள் டேப்பரைப் பார்த்ததில்லை. பின்னால் ஒலி கெட்டுவிடுகிறதாம். பாதிப் பேர் மறுபடி கம்பை மறைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தார்கள்.

அங்கே ஆடுகிறவர்கள் இருந்தார்கள். ஆடுகிறவன் கைதட்டுவான், கத்துவான், மைக்கில் இடிப்பான். டேப்பர் அசையாமல் நின்று மீட்டர் முள்ளையே பார்ப்பான். கச்சேரியை வீட்டுக்குப் போய்த்தான் கேட்பான். பக்கத்தில் எவனாவது தும்மினால், அந்தத் தும்மல் நகலுக்கு நகல் பெருகி நாடு முழுக்கக் கேட்கும். மூல நாடாவிலிருந்து எடுத்தால் முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தால் இரண்டாம் தலைமுறை. ஏழாம் தலைமுறைக்கு வரும்போது இரைச்சலுக்கு நடுவே எங்கேயோ ஒரு கிடார், அடைமழையில் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்கள்.

கேட்டபின் அபிப்பிராயம் சொல்ல வேண்டுமே. கேசட்டோடு போகும் கடிதங்களில் ஒரு தனிமொழியே வளர்ந்தது. ஒரு பாட்டு நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் நுழைந்தால் அம்புக்குறி. நின்று தொடங்கினால் காற்புள்ளி. ஒரு வினாடி நிறுத்தம் மூச்சா, முடிவா? இதற்காகச் சிநேகம் முறித்துக்கொண்டவர்கள் இருந்தால் ஆச்சரியமில்லை. மிக்சரிலிருந்து எடுத்தது சுத்தம், ஆனால் உயிர் இல்லை என்று ஒரு கட்சி. கூட்டத்திலிருந்து எடுத்ததில் உயிர் உண்டு, உயிர் மட்டும்தான் உண்டு என்று மறுகட்சி. 1987-ல் எல்லாக் கச்சேரிப் பட்டியல்களையும் தொகுத்து 'டெட்பேஸ்' என்று தடித்த புத்தகமே வந்துவிட்டது. அதே வருடம்தான் குழுவின் ஒரு பாட்டு அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தது. 22 வருட வாழ்க்கையில் முதல் தடவை. பேரேடு எழுதியவர்கள் முந்திக்கொண்டார்களோ என்னவோ.

எல்லோரும் ஒருமனதாகத் திட்டிய விஷயமும் உண்டு. டோனா ஜீன் கோட்சோ எழுபதுகளில் குழுவில் பாடினார். எல்விஸ் பிரெஸ்லியின் 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' பாட்டுக்கே பின்னணி பாடிய குரல். இங்கே 'பிளேயிங் இன் தி பேண்ட்' பாட்டில் அவர் ஒரு கூவல் கூவுவார் பாருங்கள், கேசட் ரிப்பனே சுருண்டுகொள்ளும். மேடை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது என்று அவர் பிறகு விளக்கம் சொன்னார். நியாயம்தான். எங்களுக்குக் கேட்டதே அம்மா என்பது டேப்பர்களின் பதில்.

இன்னொரு அநியாயம் டிரம்ஸ் பகுதி. இரண்டாம் பாதியில் மற்றவர்கள் உள்ளே போய்விட, மிக்கி ஹார்ட்டும் பில் க்ரூட்ஸ்மனும் மட்டும் வெளுத்து வாங்குவார்கள். கூட்டம் கழிப்பறைக்குக் கிளம்பும், டேப்பர் கேசட்டை மாற்றுவார். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு நடையைக் கட்டுபவர்களைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஹார்ட் அதற்குப் பழிவாங்கினார். 1991-ல் 'பிளானட் டிரம்' என்று தாளவாத்தியங்களாலேயே ஒரு ஆல்பம் செய்தார். அதில் ஜாகிர் உசேனின் தபலாவும், நம் விக்கு விநாயகராமின் கடமும் உண்டு. உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது. தனியின்போது எழுந்து போகிறவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளவும்.

குழு தானாக முயன்று செய்த நேரடிப் பதிவுகளின் லட்சணம் எகிப்தில் தெரிந்தது. 1978 செப்டம்பரில் கீசா பிரமிடின் காலடியில் மூன்று நாள் கச்சேரி. பிரமிடுக்குள் இருக்கும் அரசனின் அறையை எதிரொலிக் கூடமாக வைத்துக்கொள்ளத் திட்டம். கம்பி இழுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. க்ரூட்ஸ்மனுக்கு மணிக்கட்டு முறிந்திருந்ததால் ஒரு கை வாசிப்பு. பியானோவுக்குச் சுருதி சேரவில்லை. கடைசி நாள் சந்திர கிரகணம் வேறு. ஆல்பம் போட்டுச் செலவை எடுக்கலாம் என்று வந்தவர்கள் நாடாவைக் கேட்டுவிட்டு மூடிவைத்தார்கள். அது வெளிவந்தது 2008-ல். மம்மிக்கு ஆனதைவிடக் குறைந்த காலம்தான், பரவாயில்லை.

நல்ல பதிவுகள் என்ன ஆயின? குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சன் எழுபதுகளில் அற்புதமாகப் பதிவு செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான ரீல்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. வாடகை பாக்கி. 1986-ல் கிடங்குக்காரர்கள் ஏலம் விட்டார்கள். வாங்கியவர்கள் வீட்டில் சில ரீல்கள் பூஞ்சை பிடித்தன. இங்கேதான் நம் கணக்குப்பிள்ளைகள் களத்தில் இறங்கினார்கள். ஒருவர் துடைத்தார், ஒருவர் ஓட்டினார், ஒருவர் நகலெடுத்தார். பாட்டு வெளியுலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நாடாக்களில் ஒன்றுதான் 1977 மே 8-ம் தேதி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் அங்கே பனி கொட்டியது. குழு வழக்கத்துக்கு மாறாக ஒன்றுசேர்ந்து வாசித்தது. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டுக்கு அவர்கள் வழுக்கிப் போகும் இடத்தில் அம்புக்குறியா காற்புள்ளியா என்று எவனும் சண்டை போட மாட்டான். அவ்வளவு நன்றாக இருந்ததால், அப்படி ஒரு கச்சேரி நடக்கவே இல்லை, உளவுத்துறை கட்டிவிட்ட கதை என்று விளையாட்டாக வதந்தி கூடக் கிளம்பியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசத்தின் அரிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2011-க்கான தேர்வாக இதைச் சேர்த்துக்கொண்டது. 2017-ல், 40 வருடம் கழித்து, குறுந்தகடாக அதிகாரபூர்வமாக வெளிவந்தது. யாரிடம் ஏற்கெனவே இல்லை என்று விற்றார்கள் என்பது தெரியவில்லை.

இந்தச் செய்தியை ஒரு பழைய டெட் ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, அதெல்லாம் சரி, மறுநாள் பஃபலோவில் வாசித்தார்களே, அதைக் கேட்டிருக்கிறாயா என்பார்.